பெட்டியைத் திறந்த பிள்ளைகள்

விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, கூலிப் பிரச்சினை இருக்கிறது. இத்தனையும் இருக்க, பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கல்லைப் பற்றியா எழுத வந்தீர் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை. ஆனால், அந்தக் கல்லைக் கொண்டு பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பார்வையற்றோர் படிக்கும் எழுத்தைப் பதிக்கும் பொறி செய்தான். ஒரு கை முழுமையாக வளராமலே பிறந்த இளைஞன் ஒருவன், அந்தக் கல்லை வைத்தே தனக்கொரு கை செய்து கொண்டான். இதைக் கேட்ட பிறகும் 'வெறும் பொம்மைதானே!' என்று உதட்டைப் பிதுக்க எவருக்கு மனம் வரும்? கதையைக் கேளுங்கள், தோழர்களே! பிறகு சொல்லுங்கள்.

டென்மார்க் என்றொரு சிறு நாடு. அதில் பில்லுண்ட் என்றொரு சிற்றூர். அந்த ஊரில் 1916ஆம் ஆண்டில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென். கதவு செய்தார், சன்னல் செய்தார், வீடு கட்டினார். 1924இல் அவருடைய சின்னஞ்சிறு மகன்கள் இருவர் பட்டறையிலே அடுப்பு மூட்ட, மரச் சீவல் பற்றிக் கொண்டு, பட்டறையும் போயிற்று, வீடும் போயிற்று. மீண்டும் கட்டினார். அடுத்து வந்தது உலகப் பொருளாதார வீழ்ச்சி. உழவனிடம் காசில்லை, உழவனிடம் காசில்லை என்றால் தச்சனுக்கு ஏது வேலை? 1932ஆம் ஆண்டு, வேலையாட்களை அனுப்பிவிட்டு நின்ற அந்த மனிதரின் மனைவியும் மாண்டுபோனார். நான்கு பிள்ளைகள், கையில் உளி, எதிரே இருட்டு! அந்த ஆண்டில்தான் அவர் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1934இல் தன் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முன்பாதிகளைச் சேர்த்த பெயர் அது.

அந்த வீட்டிலே ஒரு கதை சொல்வார்கள். மகன் கோட்பிரெட் ஒருநாள் பெருமையோடு வந்தான். "அப்பா! இன்று உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்தேன். மர வாத்துக்கு வழக்கமாக மூன்று முறை வார்னிஷ் பூசுவோமே, இன்று இரண்டே முறை பூசி அனுப்பிவிட்டேன்" என்றான். தகப்பன் தட்டிக் கொடுத்தாரா? இல்லை! "ரயிலடிக்குப் போ. பெட்டியைத் திருப்பிக் கொண்டு வா. மூன்றாவது முறையும் பூசு. தனியாகச் செய்" என்றார். இரவெல்லாம் உட்கார்ந்து பூசினான் பையன். முதலாளியின் நேர்மைக்குப் பாட்டுப் பாட நாம் இதைச் சொல்லவில்லை. முதலாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக் கொள்ளும் கதைகளில் பாதியைத் தள்ளுபடி செய்துதான் நாம் கேட்பது வழக்கம். பூச்சில் ஒரு கை குறைந்தால் என்ன கெடும் என்று தெரிந்தவன் தொழிலாளி. அந்த உணர்வு பிற்பாடு அந்தக் கல்லிலே எப்படி ஏறியது என்று பார்ப்பதற்காகவே சொன்னோம்.

1942இல் மீண்டும் தீ. தொழிற்சாலை எரிந்தது. மீண்டும் எழுந்தது. போர் முடிந்ததும் 1946இல், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் எந்திரம் ஒன்றை அவர்கள் வாங்கினார்கள். 1949இல் பிளாஸ்டிக் கற்கள் வெளிவந்தன.

இங்கே ஒரு கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். அந்தக் கல் அவர்கள் மூளையிலே முளைத்த கல்லா? அல்ல! இங்கிலாந்திலே ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் குழந்தைகளுக்கான பொம்மைகளைச் செய்து வந்தார். ஒன்றின் தலைமேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டடக் கற்களை 1947இலேயே விற்றவர் அவர். அதைப் பார்த்துத்தான் லெகோக்காரர்கள் தங்கள் கல்லைச் செய்தார்கள். இதை அவர்களே பின்னாளில் ஒப்புக் கொண்டும் இருக்கிறார்கள். பேஜ் 1957இல் மறைந்தார். கிட்டிகிராஃப்ட் கல்லுக்கான உரிமையை லெகோ நிறுவனம் விலைக்கு வாங்கியது எப்போது? 1981இல்! விதைத்தவன் மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு. இன்று லெகோ என்றால் உலகுக்கே தெரியும். பேஜ் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? தோழர்களுக்காவது தெரியட்டும்.

ஆனாலும், பார்த்துச் செய்த கல்லில் ஒரு குறை இருந்தது. மேலே முளைகள் உண்டு. அடியிலே வெறும் குழி. அடுக்கினால் நிற்கும், அசைத்தால் உதிரும். அந்தக் குறையைத் தீர்த்தவர், அன்று வார்னிஷில் மிச்சம் பிடித்த அதே கோட்பிரெட்! கல்லின் வயிற்றுக்குள் குழாய்களை வைத்தார். முளை நான்காக இரு வரிசை கொண்ட கல்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே மூன்று குழாய்கள் இருக்கும். கீழே உள்ள கல்லின் ஒவ்வொரு முளையும், மேலே உள்ள கல்லின் சுவரிலும் குழாயிலுமாக மூன்று இடங்களில் பிடிபடுகிறது. இழுத்தால் வரும், தானாக விழாது. 1958 ஜனவரி 28இல் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அதே ஆண்டில் தகப்பன் கண்ணை மூடினார். 1960இல் மூன்றாவது தீ. மரப் பொம்மைக் கிடங்கு எரிந்தது. அத்தோடு மரத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கல்லே கதி என்று இறங்கினார்கள்.

லேத்திலும் டை வேலையிலும் கை பழகிய தோழர்களுக்கு அடுத்த செய்தியின் அருமை விளங்கும். ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அச்சின் அளவு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் பெருத்தால் கல் சேராது. கொஞ்சம் சிறுத்தால் கல் நிற்காது. 1958இல் வார்த்த கல், இன்று வார்த்த கல்லோடு பொருந்துகிறது! பாட்டன் விளையாடிய கல்லைப் பேரன் தன் கல்லின் மேல் வைத்து அழுத்தினால், 'டக்' என்று உட்கார்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அளவு பிசகாமல் அச்சு வெட்டிய கைகள் யாருடையவை? அந்தப் பெயர்கள் எந்தப் பெட்டியின் மேலும் அச்சிடப்படவில்லை.

அளவு இவ்வளவு இறுக்கம் என்றால், ஆக்கத்திற்கு இடமுண்டா? இருக்கிறது, ஏராளமாக! ஒரே நிறத்தில், எட்டு முளைக் கற்கள் இரண்டை எடுத்துக் கொண்டால், 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று கற்கள் என்றால் 1,060. ஆறு கற்கள்? நிறுவனம் பல காலம் 10 கோடியே 29 லட்சத்துச் சொச்சம் என்று சொல்லி வந்தது. கோபன்ஹேகன் பல்கலைக் கழகத்துக் கணித ஆசிரியர் சோரன் ஐலர்ஸ் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குக் கோபுரம் கட்டும் வகைகளை மட்டும்தான் நிறுவனம் எண்ணியிருந்தது. ஒரே தளத்தில் இரண்டு கற்கள் உட்காரலாகாதா? பாலம் போல் விரியலாகாதா? கணிப்பொறியை ஓடவிட்டுக் கண்ட விடை: 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765! ஆறே கற்கள், தோழர்களே! உள்ளங்கையில் அடங்கும் ஆறு கற்கள். கல்லைச் செய்தவனுக்கே அதன் எல்லை தெரிந்திருக்கவில்லை.

கல் நின்றது. அடுத்து அது நடக்க வேண்டும். எந்திர மனிதனை உலகம் 'ரோபோ' என்று அழைக்கிறதே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1920இல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்து. 'ரோபோட்டா' என்றால் அவர்கள் மொழியில் கட்டாய உழைப்பு. பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் வேலை. நம் சொல்லில் வெட்டி வேலை! அடிமையின் பெயரைத்தான் எந்திரத்துக்கு வைத்தார்கள். அந்த எந்திரத்தைத் தொழிலாளியின் பிள்ளை ஆள்வதா, அந்த எந்திரம் தொழிலாளியின் பிள்ளையை ஆள்வதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கல்விக் கூடத்துக்குள் கொண்டுவந்து போட்டவர் சைமர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், கணித மேதை, அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். பள்ளிகளிலே கணிப்பொறியைக் கொண்டு பிள்ளைக்குக் கட்டளை போடுகிறார்கள். பிள்ளையல்லவா கணிப்பொறிக்குக் கட்டளை போட வேண்டும் என்று வாதாடினார். 1967இல் தோழர்களோடு சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியைச் செய்தார். 1980இல் நூலொன்று எழுதி, அதற்கு 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்று பெயரிட்டார். தன் அறிவுக்கு வித்திட்டது எது என்று அதிலே அவர் சொல்வதைக் கேளுங்கள்: சிறு வயதில் கையில் கிடைத்த பற்சக்கரங்கள்! பெருக்கல் வாய்ப்பாட்டையே பற்சக்கரமாகக் கண்டு பழகிய பிள்ளை அவர்.

கற்பனையாகத் தோன்றுகிறதா? எட்டுப் பல் சக்கரத்தை மோட்டாரின் அச்சில் மாட்டி, இருபத்து நான்கு பல் சக்கரத்தோடு கோத்துப் பாருங்கள். சின்னது மூன்று சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று. வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். திருகும் வலு, உராய்வில் போவது போக, மும்மடங்காகும். வகுத்தலை வாயால் ஒப்பிக்கத் தடுமாறும் பையன், மேட்டில் ஏறாத தன் வண்டியை ஏற்றுவதற்காக அதே வகுத்தலைக் கையால் செய்வான். அவனை யாரும் அதட்ட வேண்டியதில்லை. வண்டி ஏறாமல் நிற்பதே அதட்டல்!

பேப்பர்ட்டின் குழுவும் லெகோ நிறுவனமும் 1980களின் நடுவிலிருந்து கூடி வேலை செய்தார்கள். அந்தக் கூட்டு உழைப்பின் வழி 1998இல் ஒரு பெட்டி வெளிவந்தது. பேப்பர்ட்டின் நூலின் பெயரே அதற்கும் பெயர்: மைண்ட்ஸ்டார்ம்ஸ். எழுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள், இரண்டு மோட்டார், தொட்டால் உணரும் கருவி, வெளிச்சத்தை உணரும் கருவி, இவற்றையெல்லாம் இயக்கும் மூளையாக, ஆறு பேட்டரி போட்ட மஞ்சள் நிறக் கட்டி ஒன்று. விலை 199 டாலர்.

அந்த மூளைக்கு ஒரு பிள்ளை எப்படிப் புத்தி சொல்வான்? வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு வளைந்து வளைந்து போகிறது. வண்டி அதன் மேலே போக வேண்டும். வண்டிக்குக் கண்ணில்லை, வெளிச்சம் அதிகமா, குறைவா என்று மட்டும் தெரியும். பிள்ளை இரண்டே கட்டளை எழுதுகிறான். வெளிச்சம் அதிகம் என்றால் இடது மோட்டார் ஓடட்டும். குறைவு என்றால் வலது மோட்டார் ஓடட்டும். அவ்வளவுதான்! தாளின் வெண்மையைக் கண்டால் வண்டி வலப்புறம் திரும்பிக் கோட்டைத் தொடுகிறது. கோட்டின் கருமையைக் கண்டால் இடப்புறம் விலகுகிறது. மறுபடி திரும்புகிறது, மறுபடி விலகுகிறது. இப்படித் தள்ளாடித் தள்ளாடியே கோட்டின் ஓரத்தைப் பிடித்துக் கொண்டு கடைசி வரை போய்ச் சேர்கிறது. தவறு செய்து தவறு செய்தே சரியான வழியில் போகும் வண்டி! இதைக் கட்டிய பிள்ளைக்கு, 'தவறு செய்தால் பிரம்படி' என்ற பாடம் இனி எடுபடுமா?

இப்போது வருகிறோம், நாம் சொல்ல நினைத்த இடத்துக்கு. பெட்டி வெளிவந்த சில வாரங்களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழக மாணவர் கெகோவா பிரவுட்ஃபுட், அந்த மஞ்சள் மூளையின் உட்புறத்தை ஆராய்ந்து, அதற்குள்ளே கட்டளைகள் எப்படி ஓடுகின்றன என்று கண்டுபிடித்து, ஊரறிய வெளியிட்டுவிட்டார். வேறு சிலர் நிறுவனம் கொடுத்த மொழியை ஒதுக்கிவிட்டுத் தாங்களே மொழி செய்தார்கள். நிறுவனத்தின் இரகசியம் சந்திக்கு வந்துவிட்டது! முதலாளி என்ன செய்வான்? வக்கீலைக் கூப்பிடுவான். பில்லுண்டிலும் அந்தப் பேச்சு எழத்தான் எழுந்தது. ஆனால் முடிவு வேறாயிற்று. வழக்குப் போடவில்லை, பிரித்துப் பார்ப்பதும் மாற்றி எழுதுவதும் வாங்கியவரின் உரிமை என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள்.

நல்ல முடிவு. அந்த நிறுவனம் எடுத்த முடிவுகளில் இதுவே தலைசிறந்தது என்பது நம் கருத்து. பிரித்துப் பார்க்கக் கூடாத பொருளை வாங்கியவன் அதற்குச் சொந்தக்காரனா? காவல்காரன்! பிள்ளை கையில் கொடுத்த பொம்மையைப் 'பிரிக்காதே' என்று சொல்வது, புத்தகத்தைக் கொடுத்துப் 'புரட்டாதே' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பாராட்டும்போது பாராட்டுவோம், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடியையும் பிடிப்போம். அடுத்த பெட்டியை 2006இல் வெளியிடுவதற்கு முன், இப்படிப் பிரித்து மேய்ந்த நால்வரை ஆலோசனை சொல்ல அழைத்தார்கள். மாதக் கணக்கில் அந்த நால்வரும் மூளையைக் கசக்கினார்கள். டென்மார்க் போகும் விமானச் செலவைத் தாங்களே ஏற்றார்கள். கைம்மாறு? பொம்மைக் கற்கள்! 'ரோபோட்டா' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னோமே, அது இந்த இடத்தில் நினைவுக்கு வந்தால் குற்றம் நம்முடையதல்ல. அவர்கள் மகிழ்ச்சியோடுதான் செய்தார்கள். மகிழ்ச்சியோடு செய்த வேலைக்கும் கூலி உண்டு.

பெட்டி திறந்ததால் என்ன விளைந்தது? தொடக்கத்தில் சொன்ன இருவரிடம் வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா கிளாரா என்ற ஊர். அங்கே ஏழாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த இந்திய வம்சாவளிப் பையன் சுபம் பானர்ஜி. பார்வையற்றோர் எப்படிப் படிக்கிறார்கள் என்று பெற்றோரைக் கேட்டான். நீயே தேடித் தெரிந்துகொள் என்றார்கள். தேடினான். விரல் நுனியால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளிகளை அறிந்தான். அதைப் பதிக்கும் பொறியின் விலை 2,000 டாலருக்கு மேல் என்றும் அறிந்தான். கண்ணில்லாதவன் எழுத்துக்கு இந்த விலையா! மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டியை எடுத்தான். கட்டினான், கலைத்தான், மறுபடி கட்டினான், மறுபடி கலைத்தான். கடைசியில் 2014இல், காகிதச் சுருளில் புள்ளி குத்தும் பொறி எழுந்தது. ஆன செலவு சுமார் 350 டாலர். செய்முறையை மூடி வைத்தானா? எவரும் பார்த்துச் செய்து கொள்ளலாம் என்று வெளியிட்டான். எழுத்து ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் விழுந்தது. அதனால் என்ன? பிறகு அதை வளர்ப்பதற்கென்றே ஒரு தொழிலகம் எழுந்தது; பெரிய நிறுவனமான இன்டெல் அதற்குப் பணம் போட்டது.

இன்னொருவர் டேவிட் அகிலார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே மலைக்குள் ஒளிந்திருக்கும் அண்டோரா நாட்டவர். வலது முன்கை வளராமல் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே லெகோ கல்லால் கை கட்டிப் பார்த்தார், அது தாங்கவில்லை. 2017இல், பதினெட்டு வயதில், மீட்பு ஹெலிகாப்டர் செய்வதற்கென்று விற்ற பெட்டியை வாங்கினார். அந்தத் துண்டுகளைக் கொண்டு கையைக் கட்டினார். அதை ஊன்றித் தண்டால் எடுத்தார்! அதன் பிறகு செய்த கைகளில் மோட்டாரும் ஏறியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெட்டியோடு ஒரு குறிப்பேடு வந்திருக்கும். அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஹெலிகாப்டர் கட்டும் முறை படம் போட்டிருக்கும். அவர் அந்தக் குறிப்பேட்டின்படி நடந்திருந்தால் அலமாரியில் இன்னொரு ஹெலிகாப்டர் நின்றிருக்கும். இந்நாளில் கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒற்றை உருவத்துக்கான பெட்டிகள்: ஒரு கப்பல், ஒரு கார், ஒரு சினிமாக் கோட்டை. படம் பார், பொருத்து, அலமாரியில் வை, தூசி தட்டு! 91 கோடி வழி கொண்ட கல்லுக்கு ஒரே வழி காட்டி விற்கிறார்கள். குறிப்பேடு கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். எழுத்துப் பழக முதலில் பார்த்து எழுதத்தான் வேண்டும். பார்த்து எழுதியதோடு பள்ளியை மூடிவிட்டால் படிப்பு ஆகுமா?

விலை விவகாரம் ஒன்று மிச்சமிருக்கிறது. 1998இல் 199 டாலர். 2013இல் வந்த பெட்டி 350 டாலரை ஒட்டியது. 2020இல் வந்தது 360 டாலர். தொழிலாளி வீட்டுக்கு இது எட்டாக் கனி என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி என்று யார் சட்டம் போட்டது? உலகெங்கும் நடக்கும் 'ஃபர்ஸ்ட் லெகோ லீக்' போட்டியில், ஒரு குழுவில் பத்துப் பிள்ளைகள் வரை சேர்ந்து நின்று எந்திரம் கட்டுகிறார்கள். தனி வீட்டால் முடியாததை ஒரு சங்கம் வாங்கலாம்; ஒரு தெரு வாங்கலாம். பத்துப் பேர் கூடினால் சச்சரவு வரும் என்பார்கள். வரட்டுமே! எந்தச் சக்கரம் எங்கே வர வேண்டும் என்று எழும் சச்சரவை விடச் சிறந்த பள்ளிக்கூடம் எது?

2022ஆம் ஆண்டின் முடிவோடு மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசைக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது நிறுவனம். விற்றது போதும் என்று கடையைச் சாத்தினால், வாங்கிய பிள்ளை கையிலிருக்கும் மூளை என்ன ஆகும்? அந்த மூளைகளைப் பைத்தான் மொழியில் இயக்குவதற்காக 'பைபிரிக்ஸ்' என்ற பெயரில் வெளியார் சிலர் கட்டளைத் தொகுப்பு ஒன்றை எழுதியிருக்கிறார்கள். உட்புறத்தை மறைக்காமல், எவரும் படிக்கவும் திருத்தவும் வழிவிட்டு, அதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். நிறுவனம் கைவிட்ட பெட்டிகள் அந்தக் கட்டளைகளைக் கொண்டு இன்னமும் ஓடுகின்றன.